வலையை அவிழ்த்தால் சாப்பிடுகிறேன்

மகளே,

நீ இப்போது தரையில் உட்கார்ந்து என் அளவு நாடாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம் இப்போது உனக்கு உதவாது. உனக்குக் கல்யாணம் பேசுகிற வயதில், இல்லை நீயே ஒருத்தனைக் கூட்டிவந்து ‘அப்பா, இவர்தான்’ என்று நிறுத்துகிற வயதில் எடுத்துப் படி. பிறகு ஏன் இப்போதே எழுதுகிறேன் என்றால், எனக்கு இப்போது முப்பது வயது, மூளை இன்னும் நேராக ஓடுகிறது. ஐம்பத்தைந்தில் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, நாங்க பாக்காத மழையா’ என்று சொல்கிற ஆளாகிவிடுவேன். ஆக மாட்டேன் என்று சத்தியம் செய்ய நான் முட்டாள் இல்லை. என் அப்பா அப்படி ஆனார், உன் தாத்தா ஆனார், எனக்கு மட்டும் என்ன தனிச் சலுகையா? அதனால் ஆவதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன். உன் அம்மாவின் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப்போகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும், திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

விஷயம் இதுதான். நீ பிறப்பதற்கு முன்னால், உன் அம்மா நிறைமாதமாக இருந்தபோது, நீங்கள் இரண்டு பேரும் ஒரு குளத்தங்கரைக்குக் கீழே இருந்தீர்கள். குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. கரை பலவீனமாக இருந்தது எனக்குத் தெரியும். அங்கிருந்து உங்களை வெளியே கொண்டுவர நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். கதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடாதே. இதில் உனக்கு வேலை இருக்கிறது.

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் நிறுவனத்தில் சர்வே இன்ஜினியர். ரோடு, சாக்கடை, பாலம் எது போட்டாலும் முதலில் தரையின் மேடு பள்ளத்தை அளந்து சொல்வது என் வேலை. தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று சொல்ல எனக்கு மழை தேவையில்லை. மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல் கருவி ஒன்றும், அளவுக்கட்டையைப் பிடிக்க ஒரு ஆளும் போதும். பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் உன் அம்மாவின் ஊரில் என் வேலை அதுவல்ல. அங்கே என் வேலை மாப்பிள்ளை. நாற்காலியில் உட்கார வேண்டும், காபி குடிக்க வேண்டும், கேட்டால் தலையாட்ட வேண்டும். கன்னிவாடிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஊருக்கு மேற்கே குளம், குளத்துக்குக் கரை, கரையை ஒட்டிக் கீழே உன் தாத்தா வீடு. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்ததும் உன் அம்மாவை அங்கே அழைத்துப் போய்விட்டார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். ஆஸ்பத்திரி திண்டுக்கல்லில் இருக்கிறது, வீடும் திண்டுக்கல்லில் இருக்கிறது, எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டேன். என் அம்மாவே என்னை அடக்கிவிட்டாள். ‘பொண்ணைக் கூட்டிட்டுப் போகாம விட்டா அவுகளுக்குத்தான்டா கேவலம், நீ வாயை மூடு’ என்றாள். மூடினேன். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் போன ஒரு ஞாயிறு, சும்மா உட்கார முடியாமல், ஆபீஸ் லெவலை முதுகில் மாட்டிக்கொண்டு போய், உன் மாமன் கார்த்தியை அளவுக்கட்டை பிடிக்க வைத்து, கரை முழுக்க அளந்தேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஓர் ஓரத்தில் தாழ்வான கல்சுவர் இருக்கும். அதற்கு மறுகால் என்று பெயர். அதன் வழியாக வழிந்து ஓடையில் இறங்கிப் போய்விட்டால் கரைக்கு ஆபத்தில்லை. மறுகால் அடைத்தால் தண்ணீர் மேலே ஏறும். ஏறினால் கரையில் எந்த இடம் பள்ளமோ அந்த இடத்தில் தாண்டும். மண் கரையைத் தண்ணீர் தாண்டினால் அப்புறம் அதை நிறுத்த யாராலும் முடியாது, அறுத்துக்கொண்டே போகும். இந்தக் கரையில் பள்ளமான இடம் எது தெரியுமா? வயலுக்குப் போடக் குளத்துக் கரம்பை மண் அள்ளுவதற்காக டிராக்டர்கள் ஏறி இறங்கித் தேய்த்துவைத்த பாதை. மறுகால் கல்லைவிட அது ஒரு முழம்கூட உயரம் இல்லை. அதற்கு நேர் கீழே மாமா வீட்டு மாட்டுக்கொட்டகை. கொட்டகைக்கு அடுத்த சுவர், உன் அம்மா படுக்கிற அறை.

இதோடு நிற்கவில்லை. அந்த வருடம் குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மாமாவேதான். குளம் நிரம்பி மறுகால் போனால் மீன் எல்லாம் தண்ணீரோடு ஓடிவிடும். அதனால் மீன் குத்தகைக்காரர்கள் மறுகாலுக்குக் குறுக்கே சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டிவிடுவார்கள். மாமா கட்டியது நெருக்கமான கண்ணுள்ள நைலான் வலை. மீன் போகாது, சரி. ஆகாயத்தாமரையும் போகாது, முள்ளும் போகாது, வாழை மட்டையும் போகாது. எல்லாம் வந்து அப்பி, வலை சுவராகிவிடும். வீட்டுக்கு மேலே கரையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீரை ஏற்றிவிடுகிற ஏற்பாட்டை வீட்டுக்காரரே செய்து வைத்திருக்கிறார். நான் ஒரு தாளில் படம் போட்டு மாமா முன்னால் வைத்தேன்.

அவர் படத்தை மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு, ‘மாப்ள, தண்ணி போனா போகட்டும், மறு மழைக்கு வரும். மீனு போனா வருமா?’ என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய அண்ணன், உன் பெரிய தாத்தா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ‘மாப்ள இஞ்சினியருல்ல, நாம மம்பட்டியில வெட்டுவோம், அவரு பேனாவுல வெட்டுறாரு’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள், குறித்து வைத்திருக்கிறேன். சரி, வலை கிடக்கட்டும், இவளையாவது திண்டுக்கல்லுக்கு அனுப்புங்கள் என்றேன். இன்னொரு காரணமும் சொன்னேன். மறுகால் ஓடை ரோட்டைக் கடக்கிற இடத்தில் தரைப்பாலம்தான் இருக்கிறது. மறுகால் பாய்ந்தால் அது முங்கிவிடும், ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வராது. அத்தை, அதாவது உன் அம்மாச்சி, கையைப் பிசைந்தாள். ‘தலப்பிள்ளைக்கு வந்த பொண்ணை வெறுமனே திருப்பி அனுப்புனா ஊரு என்ன மாப்ள பேசும்? வச்சுப் பாக்க வக்கில்லாமத் தொரத்திவிட்டாங்கம்பாக.’ அம்புட்டுதான், பேச்சு முடிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானும் கார்த்தியும் சாக்கில் மண்ணை நிரப்பி அந்தப் பள்ளத்தில் அடுக்கினோம். அடுத்த ஞாயிறு போனால் மூட்டைகள் ஓரமாகக் கிடக்கின்றன. டிராக்டருக்கு வழி மறித்ததாம். அன்றைக்கு உன் அம்மாவிடம் கத்தினேன். ‘உங்க ஊர்ல ஒருத்தருக்காவது மண்டையில ஏதாச்சும் இருக்கா?’ அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலில் சாய்ந்தாள். ‘நீங்க சொல்றது சரிதாங்க. பள்ளம் இருக்கறது எங்கப்பாவுக்கும் தெரியும். ஆனா நீங்க மெஷினைக் காட்டுனா இங்க யாரு அசைவா? அக்கா வீட்டுக்காரரைப் பாத்தீகள்ல?’ என்றாள்.

பார்த்திருக்கிறேன். உன் பெரியப்பா ஒரு விசேஷத்துப் பத்திரிகையில் தன் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டவர். மாமா, பெரிய தாத்தா, இன்னும் வேன் நிறைய ஆட்கள் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். பத்திரிகையையே திரும்ப அடித்தார்கள். நான் அன்றைக்கு அந்த மனிதரை எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா? படித்த ஆள், பேங்க் வேலை, ஒரு பெயருக்காக இப்படியா என்று. உன் அம்மா சொன்னாள்: ‘அவரு முறுக்குனா வீடே ஆடுது. நீங்க லெவலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக.’

அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று நினைத்தது தவறு, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குளம் பல வருடமாகத் தண்ணீர் முகம் காணாமல் கிடந்தது. வெடித்த தரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அப்படிப்பட்ட ஊரில் மக்கள் வறண்ட குளத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள், நிறைந்த குளத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். தண்ணீர் வருகிறது, ஜாக்கிரதை என்று சொன்னால் அது அவர்கள் காதில் அபசகுனமாக விழுகிறது. வேறு ஊரில் வெள்ளம் என்றால் ஓடுவார்கள். நம் பக்கத்தில் கும்பிடுவார்கள். நான் என் லெவலோடு அந்தக் கும்பிடுக்கு எதிரே போய் நின்றுகொண்டிருந்தேன். கணக்கு சரியாக இருந்தது, நின்ற இடம் சரியில்லை.

அந்தக் கும்பிடு நடந்தது ஐப்பசிக் கடைசியில். குளம் நிறைந்துவிட்டது, மறுகால் பாயப்போகிறது, வாருங்கள் என்று தகவல். கிடா வெட்டி ஊருக்கே சாப்பாடு, பந்தி மாமா வீட்டு வாசலில். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஊரில் நல்ல வெயில். ஆனால் மேற்கே மலை தெரியவில்லை, மை அப்பியது போலக் கறுப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்: நம் பக்கத்தில் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, மலையைப் பார்க்க வேண்டும். ஊரில் ஒரு சொட்டு விழாமலே ஓடை வரும். மறுகாலில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பூப் போட்டு, குலவை இட்டுக்கொண்டிருந்தார்கள். வலையில் ஆகாயத்தாமரை பச்சைப் பாய் மாதிரி அப்பிக் கிடந்தது. அதன் அடியில் கொஞ்சம்போல் கசிந்ததைத்தான் எல்லாரும் மறுகால் என்று கும்பிட்டார்கள். மிச்சத் தண்ணீர் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. டிராக்டர் பாதையைப் போய்ப் பார்த்தேன். குளத்துப் பக்கச் சரிவில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது.

பந்தியில் நடு இலை எனக்கு. சீரகச்சம்பா பிரியாணி, குழம்பு, சுக்கா, நல்லி எலும்பு தனியாக. அத்தையே வந்து பரிமாறினாள். எல்லாரும் சாப்பிடத் தொடங்கினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

‘சாப்பிடுங்க மாப்ள’ என்றார் மாமா.

‘இருக்கட்டும் மாமா.’

பெரிய தாத்தா எட்டிப் பார்த்தார். ‘என்னப்பா, மாப்ளைக்கு நல்லி வைக்கலையா?’

‘நல்லி இருக்கு’ என்றேன்.

‘பெறகு என்ன கொறை?’

‘வலையும் இருக்கு. மறுகால்ல அந்த வலை இருக்கற வரைக்கும் நான் இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்.’

சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் குரலைத் தணிக்கவில்லை. பந்தி முழுக்கக் கை நின்றது. அவ்வளவு நாளாகப் படம், கணக்கு, மூட்டை எல்லாவற்றுக்கும் சிரித்த அதே ஆட்கள். பெரிய தாத்தாதான் முதலில் வாயைத் திறந்தார். ‘ஏலே தம்பி, மாப்ள எலையில கை வைக்காம எந்திரிச்சா நாளைக்கு நம்ம வீட்ல எவன்டா பொண்ணு எடுப்பான்? போயி அவுத்து விடு.’ மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ‘மீனுண்ணே’ என்றார். ‘மீனு கெடக்குடா. மானம் போகுது’ என்றார் அவர். அத்தை அழவே ஆரம்பித்துவிட்டாள். கரையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனி. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

மாமா எழுந்து கையைக் கழுவினார். அரிவாளை எடுத்துக்கொண்டு அவரே நடந்தார், பின்னால் பாதிப் பந்தி. கயிற்றை வெட்டியதும் அந்தப் பச்சைப் பாய் ஒரு முறை பொருமி, கம்புகளையும் இழுத்துக்கொண்டு மொத்தமாகப் போனது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்த சத்தத்தில் குலவை நின்றுபோனது. மீன் போயிற்று, மறைக்க மாட்டேன். கட்லாவும் ரோகுவும் வெள்ளி வெள்ளியாகத் துள்ளி ஓடையில் விழுந்தன. ஊர் ஜனம் வேட்டியையும் கொசுவலையையும் விரித்துக்கொண்டு ஓடையோரம் ஓடியது. மாமா ஓடுகிற மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன். ஆறுதல் சொல்லவில்லை, அதற்கு நேரமும் இல்லை. அவிழ்த்த தண்ணீர் தரைப்பாலத்துக்குக் கிளம்பிவிட்டது.

‘இப்ப வந்து சாப்பிடுங்க’ என்றார்.

‘உங்க பொண்ணையும் இப்பவே அனுப்பிவிடுங்க மாமா. பாலம் முங்கப்போகுது.’

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘ஒரே எலையில எத்தன காரியம் மாப்ள கேப்பீக?’

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா ஸ்கேன் ரிப்போர்ட், மாற்றுத்துணி, சார்ஜர் எல்லாம் அடங்கிய பையோடு வாசலில் நிற்கிறாள். நான் சொல்லி அவள் முந்தைய வாரமே கட்டிவைத்த பை. அத்தையைப் பார்த்து, ‘நீயும் கெளம்பும்மா, நீ வந்தா அது தாய்வீடுதான்’ என்றாள். நான் வாரக்கணக்காகத் தேடியும் கிடைக்காத விடை அது. அத்தை கண்ணைத் துடைத்துவிட்டுச் சேலை எடுக்க உள்ளே போனாள். அந்த இடைவெளியில் நான் நின்றுகொண்டே நாலு வாய் சாப்பிட்டேன். கொடுத்த வாக்கு. நல்லி ஆறிப்போயிருந்தது, ஆனாலும் விடவில்லை. கார்த்தியின் டாடா ஏஸில் உன் அம்மாவும் அத்தையும் முன்னால், நான் பின்னால். தரைப்பாலத்தில் அப்போது கணுக்கால் தண்ணீர்.

சாயங்காலம் பாலம் முங்கியது. மறுநாள் உன் அம்மாவுக்கு வலி எடுத்தது. நீ திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது பாலம் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. உன் தாத்தாவால் உன்னைப் பார்க்க வர முடியவில்லை, வீடியோ காலில்தான் பார்த்தார். ‘மாப்ள, மீனு பூராம் போச்சு’ என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம், ‘கேமராவைக் கொஞ்சம் கீழ எறக்குங்க, மொகம் தெரியல’ என்றார். அந்த ஊரிலேயே வலி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

கரை உடையவில்லை. வலை போன பிறகும் தண்ணீர் ஏறி, டிராக்டர் பாதைக்கு நாலு விரல் கீழே வந்து நின்று, பிறகு வடிந்தது. உடையாததால் இன்றைக்கும் பெரிய தாத்தா, ‘பாத்தீகளா மாப்ள, ஒண்ணும் ஆகலையே, மீனுதான் வீணாப் போச்சு’ என்கிறார். இதற்கும் நீ தயாராக இரு. ஆபத்து வராமல் தடுத்தவனுக்குச் சாட்சி கிடையாது. வந்திருந்தால்தானே காட்ட முடியும்? பாராட்டுக்காகச் செய்யாதே, சரி என்று தெரிந்தால் செய்துவிட்டுப் போ. செய்வதற்குக் கையில் எது கிடைக்கிறதோ அதை எடு. கணக்கு வேலை செய்தால் கணக்கு. செய்யாவிட்டால் ஒரு வீட்டை அசைக்கிற விஷயம் எது என்று தேடிப் பார். கேவலமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. நான் அன்றைக்கு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததற்கு இன்று வரை வெட்கப்படவில்லை. அடிக்கடி செய்தால்தான் வெட்கம்.

இந்த வருடமும் மழை தொடங்கிவிட்டது. மாமாவிடம் குத்தகை இன்னும் இருக்கிறது. போன ஞாயிறு போனேன், மறுகாலில் வலை இல்லை, எனக்கு நிறைந்த சந்தோஷம். செவ்வாய்க்கிழமை கார்த்தி போட்டோ அனுப்புகிறான்: வலை இருக்கிறது. சனிக்கிழமை அவிழ்த்து, மாப்பிள்ளை வந்து போனதும் திங்கட்கிழமை கட்டிவிடுகிறாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இனிமேல் எந்தக் கிழமை என்று சொல்லாமல் போகப்போகிறேன். கண் பெரிதான வலையை மறுகாலில் கட்டாமல், குளத்துக்குள் தள்ளி அகலமாக வளைத்துக் கட்டலாம், செத்தை அடைக்காது, மீனும் நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு வந்திருக்கிறார். டிராக்டர் பாதையில் மண் கொட்டி மேடாக்க ஊரில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை, ஒவ்வொரு ஐப்பசிக்கும் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. செய்வேன்.

மாமா கெட்டவர் இல்லை என்பதை இதற்குள் புரிந்துகொண்டிருப்பாய். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். உயிரை வைத்திருக்கிறவர்தான் உன் தலைக்கு மேல் தண்ணீரையும் கட்டி வைத்திருந்தார். பாசம் இருக்கிறவர்கள் எல்லாரும் பத்திரமான இடத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. நானும் உன் விஷயத்தில் அப்படித்தான் இருப்பேன். எந்த வீட்டில் இருப்பேனோ, அதற்கு மேலே எதை அடைத்து வைத்திருப்பேனோ, எனக்கே தெரியாமல் போகும். தெரிந்தாலும் ‘ஒண்ணும் ஆகாது’ என்பேன்.

உன் தலைப்பிரசவத்துக்கு உன்னைக் கூட்டிப்போக நானும் உன் அம்மாவும் வருவோம். சீர்த்தட்டோடு வருவோம், ஊர் என்ன பேசும் என்போம், உன் அம்மா அழக்கூட அழுவாள். உடனே கிளம்பிவிடாதே தாயி. முதலில் நீ வந்து வீட்டைப் பார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் போகும், ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி இருக்கிறதா என்று பார். உனக்குத் திருப்தி இல்லையென்றால் வராதே. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் வராதே.

உன் அப்பா